ஐஸ் ஹவுஸில் ஒரு சகோதரி

புனே பக்கத்தில் வசிக்கும் நம்மவர்களுக்கு மஹரிஷி கார்வேயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1893-ல் தாமே ஒரு விதவையை மணந்து, ஊரார் ஒதுக்கிவைத்ததைப் பொறுத்துக்கொண்டு, 1896-ல் விதவைகளுக்காக ஆசிரமம் தொடங்கி, பிறகு அதை ஹிங்கணே கிராமத்துக்குக் கொண்டுபோனவர். இன்று ஒரு பேட்டைக்கே கர்வே நகர் என்று பெயர். நான் குடியிருக்கும் பிம்ப்ரியில் மராட்டிக் குழந்தைகள் அவர் பெயரைச் சட்டென்று சொல்கிறார்கள். நம் குழந்தைகளிடம் சகோதரி சுப்பலக்ஷ்மி யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைச் சொல்வானேன், பெற்றோரிலேயே பாதிப் பேர் விழித்தார்கள். ஆகவே இந்த இதழில் அந்த அம்மையாரைப் பற்றி எழுத முனைந்தேன்.

தஞ்சை ஜில்லா ரிஷியூர் பூர்வீகம். தந்தை சுப்ரமணிய ஐயர், தாயார் விசாலாக்ஷி. 1886 ஆகஸ்ட் 18-ல் மயிலாப்பூரில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தார். பதினோரு வயது வாக்கில் கல்யாணம். சில நாட்களிலேயே கணவர் போய்விட்டார். அந்தக் காலத்து வழக்கம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான்: தலையை மழித்து, நார்மடி உடுத்தி, சமையல்கட்டோடு சரி. அந்தப் பெற்றோர் பெண்ணை அப்படி விடவில்லை. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார், பிறகு கான்வென்டில் சேர்த்தார். ஒரு வைதிகக் குடும்பம் எழும்பூரில் இருந்துகொண்டு இதைச் செய்ய எத்தனை ஏச்சுப் பேச்சுக் கேட்டிருக்க வேண்டும்! கான்வென்டில் கன்னிமார்களின் தொண்டு அவர் மனதில் பதிந்தது. ஆனால் தம் மதத்தை அவர் விடவில்லை. பின்னாளில் ஊரே அவரை சிஸ்டர் என்று அழைத்தது.

1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண்மணி அவரே. மறு வருஷமே, 1912-ல், சாரதா லேடீஸ் யூனியன் என்ற சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் தந்தையின் வீட்டில் நான்கு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு சாரதா இல்லமும் பிறந்தது. வீட்டு நிர்வாகத்தைக் கவனித்தவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் விதவைதான். இந்தச் சித்தி இல்லாவிட்டால் இல்லம் நடந்திருக்காது என்பது என் எண்ணம். சரித்திரத்தில் சமையலறைக்காரர்களுக்கு இடம் கிடைப்பதில்லை!

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் பெண் பள்ளிகளுக்கு உபாத்தியாயினிகள் கிடைக்கவில்லை. ஆண் வாத்தியார் இருக்கும் பள்ளிக்குப் பெண்ணை அனுப்ப நம் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான பாலவிதவைகள் பிறந்தகத்தில் சம்பளமில்லாத வேலைக்காரிகளாக இருந்தார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் சுப்பலக்ஷ்மி, மற்றவர் மாகாணத்தில் பெண் கல்வியை மேற்பார்வையிட்ட கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் மாது. அரசாங்க உதவி வந்தது. கடற்கரையில் 1842-ல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸை அரசாங்கம் 1917-ல் வாங்கியது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய அதே கட்டிடம்தான். அது விதவைப் பெண்களின் விடுதியாயிற்று. 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவியும் இவரே. விடுதியில் சாப்பாடு, பள்ளியில் படிப்பு, கல்லூரியில் பயிற்சி, பிறகு சம்பளத்தோடு வேலை. உள்ளே வந்த பெண் டீச்சராக வெளியே போனாள். அவள் சம்பளத்தை எதிர்பார்த்துத் தம்பியும் தங்கையும் படித்த குடும்பங்கள் உண்டு. வயது வந்த விதவைகளுக்கு இடமில்லாமல் போகவே, 1927-ல் சாரதா வித்யாலயாவும் வந்தது.

ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே. மடி, ஆசாரம் எல்லாம் உண்டு. மறுமணக் கொடியை அம்மையார் கையில் எடுக்கவில்லை. கார்வேயும் ராஜமுந்திரி வீரேசலிங்கமும் எடுத்த அளவுக்கு நிச்சயமாக இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். கதவை எல்லோருக்கும் திறந்திருந்தால் நம் குடும்பங்கள் ஒரு பெண்ணைக்கூட அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது வாஸ்தவம். அதே சமயம் வாசலுக்கு வெளியே நின்ற பெண்ணுக்கு அந்தச் சமாதானம் எதற்கு உதவும்? அம்மையாருக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். ஐஸ் ஹவுஸ் பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். ஓய்வு பெற்றபின் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் நல மையம் அமைக்கப் பாடுபட்டார். அங்கே குலம் கோத்திரம் பார்க்கவில்லை.

எங்கள் கிளையில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்திருக்கிறது. வருஷா வருஷம் ஜூனில் கொஞ்சம் கல்வி உதவி தருகிறோம். புரோஹிதம், சமையல் என்று ஜீவனம் நடத்தும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் இதுவரை. போன கூட்டத்தில் ஓர் அன்பர், எங்கள் கட்டிடங்களில் பாத்திரம் தேய்க்கும் அம்மாக்களின் பெண்களையும் சேர்க்கலாமா என்றார். பணம் போதாது என்று சிலர். நம்மவர்க்கே இல்லாதபோது என்று சிலர். முடிவாகவில்லை. சேர்க்கலாம் என்பதே என் கட்சி. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, ஃபீஸ் செக்கைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு நாம் நிறுத்திவிடுவது. அந்தப் பிள்ளை மறுவருஷம் படிக்கிறதா, வேலைக்குப் போயிற்றா என்று கேட்க நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. ஐஸ் ஹவுஸில் முதல் மாதச் சம்பளம் வரை கூடவே போனார்கள்.

அம்மையாருக்கு 1920-ல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம், 1958-ல் பத்மஸ்ரீ. 1952 முதல் 1956 வரை சென்னை மேல்சபையில் நியமன உறுப்பினர். 1942-ல் வயது வந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1956-ல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் வித்யா மந்திர் பள்ளியை ஆரம்பிக்கத் துணைநின்றவரும் இவரே. அங்கே படித்த அன்பர்கள் நம் உறுப்பினர்களில் பல ஊர்களிலும் இருப்பார்கள். 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று காலமானார். 1938-லேயே ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்த சாரதா வித்யாலயா சென்னை தியாகராய நகரில் நடந்துவருகிறது.