மட்டையை நோய் பறித்தது, பேனாவை எடுத்தார்!

ஆக்கி விளையாட்டில் இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை வாங்கியது 1928-ம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் நகரில். தயான் சந்த் 14 கோல் போட்டார்.

அதே ஒலிம்பிக்கில் இன்னொரு ஆக்கி முன்னணி ஆட்டக்காரரும் தங்கம் வாங்கினார். அவர் ஒரு பெண். ஆடியது பனிக்கட்டி ஆக்கி. பதக்கம் வாங்கியதோ ஓட்டப் பந்தயத்தில்! கனடா நாட்டின் பாபி ரோசன்பெல்டுதான் அவர்.

சாக்லெட் கம்பெனியில் வேலை

இன்றைய உக்ரைன் நாட்டில் உள்ள நிப்ரோ நகரில், யூதக் குடும்பத்தில், 1904-ல் பிறந்தார். இயற்பெயர் பேனி. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கனடாவில் குடியேறியது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதால் "பாபி" என்று ஆனார்.

1922-ல் டொராண்டோ நகருக்கு வந்தார். சாக்லெட் கம்பெனியில் வேலை. வேலை முடிந்தால் மைதானம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் "ஷிப்டு" முடிந்து வரும் பெண்களுக்கு அந்தக் களைப்பு தெரியும். அந்தக் களைப்போடுதான் பாபி ஆடினார்.

பனிக்கட்டி ஆக்கியில் பந்து கிடையாது. தட்டையான ரப்பர் வட்டுதான். பக்கத்துக்கு 6 பேர். காலில் சறுக்கு பூட்ஸ். எதிரிகளைத் தாண்டி வட்டைக் கடத்திச் சென்று கோல் போடுவது முன்னணி ஆட்டக்காரரின் வேலை. அதில் பாபி புலி! ஆனால், பெண்கள் ஆக்கி ஆடிப் பிழைக்க அன்று வழி இல்லை. சோறு போட்டது கம்பெனிதான்.

விட்டுக்கொடுத்தார்

ஒலிம்பிக் ஓட்டப் பந்தயங்களில் பெண்களை முதன்முதலில் சேர்த்தது 1928-ல். 100 மீட்டரில் பாபி வெள்ளி வென்றார். தொடர் ஓட்டத்தில் கனடாவுக்குத் தங்கம்.

800 மீட்டருக்கு அவர் பயிற்சியே எடுக்கவில்லை. தன் நாட்டு இளம் பெண் ஜீன் தாம்சனுக்குத் துணையாக இறங்கினார். கடைசிச் சுற்றில் அந்தப் பெண் சோர்ந்தாள். பின்னால் வந்த பாபி பக்கத்தில் ஓடி ஊக்கம் கொடுத்தார். அவளை முன்னே விட்டு 4-வதாக வரச் செய்தார். தான் 5-வதாக வந்தார்.

ஊன்றுகோலும் பேனாவும்

1929-ல் மூட்டுவாத நோய் தாக்கியது. 8 மாதம் படுக்கை. பிறகு ஊன்றுகோல். இனி அவ்வளவுதான் என்று ஊரே நினைத்தது. பாபி எழுந்தார்! 1931-32 பருவத்தில் ஒன்டாரியோ மாகாணத்தின் சிறந்த பெண் ஆக்கி ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார்.

1933-ல் நோய் திரும்பவும் வந்தது. ஆட்டம் முடிந்தது. வீட்டில் முடங்கினாரா? இல்லை. ஒன்டாரியோ பெண்கள் ஆக்கி சங்கத்தின் தலைவரானார். டொராண்டோவின் "குளோப் அண்டு மெயில்" பத்திரிகையில் சேர்ந்து, விளையாட்டுப் பகுதியில் பல ஆண்டுகள் எழுதினார். மைதானம் பெண்களுக்கும் சொந்தம் என்று வாதாடினார்.

அரை நூற்றாண்டின் தலைசிறந்த கனடா வீராங்கனையாக 1950-ல் பத்திரிகையாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1969 நவம்பரில் மறைந்தார்.

பெண்கள் பனிக்கட்டி ஆக்கி ஒலிம்பிக்கில் நுழைந்தது 1998-ல். சம்பளம் கொடுக்கும் புதிய பெண்கள் லீக் போட்டி கனடாவிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது 2024-ல். பாபி ஒரு காசுகூட வாங்காமல் போட்ட பாதை அது!