ஆணி பொறுக்கிய காந்தமும் கரியில் ஓடிய பஸ்ஸும்

அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ் பத்து நிமிடம் தாமதமானால் நம் வாட்ஸ்அப் குழு என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு காலத்தில் மதுரைக்காரர்கள் பஸ் வருவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த பஸ்களை ஓட்டியவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். பெயரின் முதல் எழுத்து அவருடைய சொந்த ஊரான நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியைக் குறிக்கும்.

1877இல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நிலையான சம்பளத்தை உதறியவர். 1911இல் நிறுவனம், அடுத்த ஆண்டு மதுரையில் பஸ். அப்போது சாலையெல்லாம் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். நம் ஊரில் கரும்பு வண்டி இழுத்த மாடுகளைப் பார்த்தவர்களுக்கு லாடம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் பஸ் டயரைப் பதம் பார்த்தன. பஞ்சர் ஆனால் நேரம் போச்சு, நேரம் போனால் பயணிகளின் நம்பிக்கையும் போச்சு. அவர் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பது மதுரையில் இன்றும் சொல்லப்படும் செய்தி. பஞ்சர் ஒட்ட இன்னும் நாலு ஆளைச் சேர்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அவருக்கு அது போதவில்லை.

பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. பெட்ரோல் ரேஷனுக்குப் போய்விட்டது. கையில் பஸ் இருந்து என்ன பயன்? அப்போது அவருடைய பட்டறையிலிருந்து வந்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். விஷயம் எளிது. மூடிய உலையில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசு வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். (மழைக்காலத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டாதீர்கள் என்று நாம் எச்சரிப்பது இதே வாயுவுக்காகத்தான்.) பெட்ரோலின் இழுவை இதில் கிடைக்காது. காலையில் உலை மூட்டிக் காத்திருக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். ஆனாலும் பஸ் நிற்கவில்லை. தன் பஸ்ஸுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் அதை விற்பனைக்கும் தயாரித்தார்.

1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பருக்கும் பஞ்சம். தேய்ந்த டயருக்கு மேல்பட்டை ஒட்டித் திரும்ப ஓடவிடும் ரீட்ரெடிங் தொழிலிலும் அவர் நிறுவனம் இறங்கியது.

இப்போது கம்பெனிகளில் புதுப்பொருள் உருவாக்கத்துக்கென்றே தனிப் பிரிவும் தனி பட்ஜெட்டும் இருக்கின்றன. இவரிடம் இருந்ததோ ஓட வேண்டிய பஸ். எது அதை நிறுத்துகிறதோ, அதைச் சரிசெய்யும் முயற்சியே அடுத்த தொழிலாக வளர்ந்தது. சோதனைக்கூடமும் தன் சொந்த வண்டிதான். கோளாறு வந்தால் முதல் நஷ்டம் தனக்கே. எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். எல்லோராலும் முடியாது, நம் லிஃப்ட் கம்பெனிக்காரர் நம் லிஃப்டில் தினமும் ஏறி இறங்குபவராக இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

1955 ஏப்ரலில் கொடைக்கானலில் காலமானார். பிள்ளைகள் காலத்தில் 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் சுந்தரம் கிளேட்டன் என்று உதிரிபாகத் தொழில்கள் வரிசையாக வந்தன. 1972இல் மதுரை பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. எதற்காகக் காந்தமும் கரி உலையும் வந்தனவோ, அந்த பஸ்ஸே குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. பஸ்ஸைச் சுற்றி முளைத்த தொழில்கள் நின்றன. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டி டயர் ஆலையைப் பார்த்திருப்பீர்கள். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டின் வாரிசுகள் விடிகாலையில் பால் கேனோடு நம் கேட்டுக்கே வந்து நிற்கின்றன.