நூலகர்களுக்கு ஆசானாய் நின்ற அரங்கநாதனார்

நூலகத்தைப் பற்றிப் பேசுவோர் நூல்களைப் பற்றிப் பேசுவர்; கட்டடத்தைப் பற்றிப் பேசுவர்; கொடையளித்த வள்ளல்களைப் பற்றியும் பேசுவர். அந்நூல்களைத் தேடுவோர் கையில் கொண்டு சேர்க்கும் மனிதரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கல்லூரிகளில்கூட நூலகர் என்பவர் அலமாரியின் சாவியை வைத்திருப்பவர், தவணை கடந்தால் தண்டம் வாங்குபவர் என்ற அளவிலேயே மாணவர் பலருக்கு அறிமுகமாகிறார். அவர் செய்யும் பணிக்குத் தனியே ஒரு கல்வி உண்டு, முறையான பயிற்சி உண்டு, பணியேற்ற பின்னரும் மீண்டும் மீண்டும் பயில வேண்டிய கடமை உண்டு என்பதை இந்திய நாட்டில் நிலைநாட்டுவதற்காகத் தம் வாழ்நாளில் 48 ஆண்டுகளைச் செலவிட்டவர் தமிழ்நாட்டில் பிறந்த சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் ஆவார். எஸ்.ஆர். அரங்கநாதன் என்றால் உலகின் எந்த மூலையில் உள்ள நூலகரும் அறிவார்.

அன்னார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் படித்து, பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதத்தில் 1913இல் இளங்கலையும் 1916இல் முதுகலையும் முடித்தார். அங்கே கணிதப் பேராசிரியராக விளங்கிய எட்வர்டு ராஸ் என்பாரைத் தம் ஆசானாக வாழ்நாள் முழுவதும் போற்றினார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். திக்கிப் பேசும் குறை அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் ஆசிரியத் தொழிலையே விரும்பித் தேர்ந்தார். 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு நூலகரை அமர்த்த முடிவு செய்தபோது, ஏறத்தாழ 900 பேர் அப்பதவிக்கு விண்ணப்பித்தனர் என்பர். அவர்களுள் நூலகப் பயிற்சி பெற்றவர் எவரும் இலர். அரங்கநாதனும் விதிவிலக்கல்லர். ஆசிரியப் பணியின் ஊதியம் குடும்பத்திற்குப் போதாமையால், நண்பர்களின் தூண்டுதலால் விண்ணப்பித்தவர் அவர். நேர்காணலுக்குச் சில நாட்களுக்கு முன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். அக்கட்டுரை ஒன்றே அப்போது அவருக்கிருந்த நூலகவியல் அறிவு. 1924ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் பணியேற்றார்.

பணியேற்ற சில நாட்களிலேயே அவருக்கு அவ்விடம் கசந்துவிட்டது. வகுப்பறையின் கலகலப்பில் வாழ்ந்தவர்க்கு ஆளரவமற்ற நூலகம் சிறைக்கூடமாகத் தோன்றியது. நூல்கள் இருந்தன, படிப்போர் இல்லை. செய்வதற்கு என்ன வேலை இருக்கிறது என்பதே அவருக்குப் புலப்படவில்லை. மீண்டும் கணித வகுப்பிற்கே அனுப்பிவிடுமாறு அதிகாரிகளிடம் சென்று முறையிட்டார். இலண்டனுக்குச் சென்று நூலகக் கலையைப் பயின்று வரட்டும், திரும்பிய பின்னரும் மனம் ஒப்பவில்லை எனில் பழைய பணிக்கே போகலாம் என்று முடிவாயிற்று. இந்திய நூலக வரலாற்றின் திருப்புமுனை இந்த ஏற்பாடே என்று துணிந்து கூறலாம். பயிற்சிக்கு அனுப்பாமல் அவரை நாற்காலியிலேயே அமர்த்தி வைத்திருந்தால், ஒரு நல்ல கணித ஆசிரியர் மாநிலக் கல்லூரிக்குத் திரும்பியிருப்பார். நூலக உலகம் அவர் பெயரை அறிந்திருக்காது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919இல் தொடங்கப்பெற்ற நூலகப் பள்ளியில் அவர் சேர்ந்தார். தேர்வுகளில் அவர் பெற்ற மதிப்பெண்கள் நடுத்தரத்திற்குச் சற்றே மேற்பட்டவை என்பதை இன்றைய மாணவர்கள் கவனிக்கலாம். ஆனால் அங்குப் பகுப்பு முறை கற்பித்த பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞர் அவரது ஆற்றலை உடனே கண்டுகொண்டார். சேயர்ஸ் குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவரும் ஆவார். வகுப்பறையில் மட்டும் அமர்ந்திராமல் வெளியே சென்று நூலகங்களைப் பார்த்து வருமாறு அவர் தம் மாணவரை ஊக்கினார். அரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் சிறுவரும் அங்கெல்லாம் நூலகத்திற்குள் உரிமையோடு நுழைவதையும், நூலகர் எழுந்து வந்து அவர்க்கு உதவுவதையும் கண்டார். சென்னையில் தமக்குப் புலப்படாத வேலை எது என்பது அவருக்கு அங்கே விளங்கிற்று.

இலண்டனில் செல்ஃபிரிட்ஜ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்ட நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. ஒரே பெட்டியில் உள்ள இரும்புத் துண்டுகளைத் திருகாணியால் வெவ்வேறு வகையாக இணைத்து வண்டியும் பாலமும் செய்து காட்டுவதைக் கண்டவுடன், நூற்பகுப்பிற்கும் இம்முறை பொருந்துமே என்று அவருக்குத் தோன்றியது. மெல்வில் டூயியின் பதின்மப் பகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னரே ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கும். புதிய துறை தோன்றினால் இடம் தேடி அலைய வேண்டும். அரங்கநாதனின் முறையிலோ மருத்துவம், கண், நோய், இந்தியா, காலம் என்று பொருளின் கூறுகளுக்கே தனித்தனிக் குறியீடு உண்டு. நூலுக்குத் தக்கவாறு அவற்றை முக்காற்புள்ளியால் இணைத்துக்கொள்ளலாம். கோலன் பகுப்பு முறை என்னும் இது 1933இல் நூலாக வெளிவந்தது. கூறுகளாகப் பிரித்துத் தேடும் இவ்வழி, கணிப்பொறி வந்த பின்னர் மேலும் மதிப்புப் பெற்றது.

1925 ஜூலையில் தாயகம் திரும்பியவர் கணிதத்தைக் கேட்கவே இல்லை. வாசகர் தாமே அலமாரிகளுக்கிடையே சென்று நூல்களைப் பார்க்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். விடுமுறை நாட்களிலும் அது திறந்திருக்கலாயிற்று. தாம் விடுப்பே எடுக்காமல் இருபது ஆண்டுகள் உழைத்தார். முதல் மனைவி உருக்குமணி அம்மையார் 1928இல் மறைந்த பின் சாரதா அம்மையாரை மணந்த நாளிலும், பிற்பகலிலேயே நூலகத்திற்குத் திரும்பிவிட்டார் என்று கூறுவர். இதனை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். வீட்டில் இருந்தோர் என்ன எண்ணினரோ!

தாம் ஒருவர் பயின்று வந்தால் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராக அரங்கநாதனே பொறுப்பேற்றார். அவ்வாண்டு டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில்தான் நூலகவியலின் ஐந்து விதிகளை முதன்முதலில் விளக்கினார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்தவே. படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூலும், நூல் ஒவ்வொன்றற்கும் அதற்குரிய வாசகரும் கிட்ட வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிர் போன்றது. இவையே அவ்விதிகளின் சாரம். 1931இல் இவை நூலாக வெளிவந்தன. பார்வைக்கு எளியனவாகத் தோன்றும் இவ்விதிகள் நூலகரின் தலைமீது ஏற்றும் சுமை பெரிது. பருத்தியைப் பற்றி ஒரு நூல் வேண்டும் என்று மாணவன் ஒருவன் வந்து நின்றால், அவன் நாடுவது பயிர்த்தொழிலா, நெசவா, வாணிகமா, வரலாறா என்று இன்சொல்லால் கேட்டறிந்து, உரிய ஏட்டை அவன் கையில் சேர்க்க வேண்டும். சாவிக் கொத்தை மட்டும் கையாளத் தெரிந்தவரால் இயலும் செயலா இது?

எனவே 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. கோடையைத் தேர்ந்ததன் நுட்பம் சிந்திக்கத்தக்கது. ஆசிரியர்களும், ஏற்கெனவே நூலகங்களில் வேலை பார்ப்போரும், தம் பிழைப்பை விடாமல் பயில வாய்ப்பான பருவம் அதுவே. 1931இல் பல்கலைக்கழகம் அப்பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்றது. 1937இல் அது பட்டதாரிகளுக்குரிய ஓராண்டுப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. கற்பிக்கத் தக்க பாடநூல்கள் அந்நாளில் இல்லை. ஆசிரியரே அவற்றையும் எழுதினார். நூற்பட்டி விதிகள் 1934இலும், நூலக நிர்வாகம் பற்றிய பெருநூல் 1935இலும், பகுப்பியல் கோட்பாட்டு நூல் 1937இலும் வெளிவந்தன.

இத்துறையில் அவர்தாம் முதல்வர் என்று கூறுவது பொருந்தாது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அமெரிக்கராகிய போர்டன் என்பாரை வரவழைத்து 1911இலேயே பயிற்சி வகுப்பு நடத்தச் செய்தார். இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் டிக்கின்சன் என்னும் அமெரிக்கர் 1915இல் வகுப்புத் தொடங்கினார். ஆந்திரப் பகுதியிலும் நூலக இயக்கத்தார் 1920ஆம் ஆண்டிலேயே பயிற்சி அளித்தனர். கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் தலைவராக விளங்கிய கான் பகதூர் கே.எம். அசதுல்லா அவர்கள் 1935இல் அங்குப் பயிற்சி வகுப்பு நடத்தியதும், 1933இல் தோன்றிய இந்திய நூலகச் சங்கத்தை வளர்த்ததும் நினைவுகூரத்தக்கன. அரங்கநாதனாரின் தனிச்சிறப்பு வேறு. பிறர் அயல்நாட்டு முறைகளைக் கற்பித்தனர். இவரோ அம்முறைகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்று கேட்டு, விதிகளிலிருந்து தருக்கத்தால் பெறப்படும் ஓர் இயலாகவே நூலகப் பணியை மாற்றினார். கணிதம் அவரை விட்டு அகலவே இல்லை.

நிர்வாகத்தாரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் மனம் நொந்து சென்னைப் பணியினின்றும் விலகியவரை, 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அங்கு ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்தார். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பட்டயம், முதுகலை, முனைவர் என நூலகவியல் கல்வி படிப்படியாக உயர அடித்தளம் அமைத்தார். 1957இல் டி.பி. கிருஷ்ணராவ் என்பார் அப்பல்கலைக்கழகத்தில் நூலகவியலில் முனைவர் பட்டம் பெற்றார். இதற்கிடையே, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்திற்காக அரங்கநாதன் பல ஆண்டுகள் வரைவுகள் எழுதி மன்றாடியிருந்தார். மாவட்டந்தோறும் நூலகங்கள் தோன்ற வழி பிறந்தது. அவற்றில் அமரப் பயிற்சி பெற்றோரும் தேவைப்பட்டனர்.

இன்னொரு போராட்டமும் உண்டு. அது ஊதியத்தைப் பற்றியது. ஆகவே மலர்களில் அதிகம் எழுதப்படுவதில்லை. பயிற்சி பெற்ற நூலகரை எழுத்தர் வரிசையில் நிறுத்தினால், திறமையுடையோர் இத்தொழிலுக்கு வாரார் என்பது அவர் உறுதியான கருத்து. பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் அமைத்த நூலகக் குழுவிற்கு அவர் தலைவரானார். கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்க்கு ஆசிரியர்க்கு இணையான தகுதியும் ஊதியமும் வழங்க அக்குழு பரிந்துரைத்தது. பிற்காலத்தில் 1987 முதல் நிறுவப்பெற்ற கல்விப் பணியாளர் கல்லூரிகளில் விரிவுரையாளரைப் போன்றே நூலகரும் புத்தொளிப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டனர். அவ்வழைப்பு வந்தால் அலுவல் இடர்ப்பாடு என்று கருதி முகம் சுளிக்கும் நிர்வாகங்களும் உண்டு. மூன்று வாரம் நூலகர் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்று அஞ்சுவோர், முப்பது ஆண்டு பயிலாத நூலகர் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அவர் தம் பொருளையும் இதற்கே ஈந்தார். எளிய உடையும் எளிய உணவும் கொண்டு சேர்த்த ஒரு லட்சம் ரூபாயை, 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை நிறுவச் செய்தார். அந்நாளில் அது பெருந்தொகை. 1961இல் அவ்வம்மையார் பெயராலேயே பெங்களூரில் அறக்கட்டளை ஒன்றும் அமைத்தார்.

1962இல் பேராசிரியர் மகலனோபிசின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவண ஆய்வு பயிற்சி மையம் தொடங்கப்பெற்றபோது அரங்கநாதனுக்கு வயது எழுபது. ஆய்வுக்கூடங்களிலும் தொழிலகங்களிலும் பணியாற்றும் நூலகர் நாள்தோறும் பெருகும் ஆய்வுக் கட்டுரைகளைக் கையாளப் பயில வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் முறைக்கு அங்கு இடமில்லை. மாணவர் தாமே படித்து வந்து விவாதிக்க வேண்டும். தவறான விடைக்கும் காரணம் கூற வேண்டும். 1963 முதல் ஆண்டுதோறும் ஒரு கருத்தரங்கம் கூட்டப்பெற்றது. பணியில் உள்ள நூலகர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தனர். ஆய்வுரைகள் முன்கூட்டியே அச்சாகி அவர்கள் கையில் கிடைத்தமையால், அரங்கில் படித்துக் காட்டும் சடங்கு ஒழிந்து நேரம் முழுவதும் விவாதத்திற்கே கிடைத்தது. நம் கருத்தரங்குகளை நடத்துவோர்க்கும் இது பயன்படக்கூடிய செய்தி.

1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் தகுதியும் அவரை அடைந்தன. 1967இல் அமெரிக்க நூலகவியல் அறிஞர் ஜெஸ்ஸி ஷெரா பெங்களூர் வந்து சாரதா அரங்கநாதன் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். ஒரு காலத்தில் மேலைநாட்டிற்குக் கற்கச் சென்றவரின் இடத்திற்கு மேலைநாட்டு அறிஞர் வந்து உரையாற்றினர். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அரங்கநாதனார் மறைந்தார். அவர் தொடங்கிய ஆண்டுக் கருத்தரங்கம், அவர் மாணவரும் உடன்பணியாளருமான ஏ. நீலமேகம் போன்றோரால் பின்னரும் தொடர்ந்து நடத்தப்பெற்றது. அன்னார் பிறந்த ஆகஸ்டுத் திங்களின் 12ஆம் நாள் இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.