சுல்தானை எதிர்த்த மலைநாட்டு வீரன்

ஐரோப்பாவில், கிரேக்க நாட்டுக்கு வடக்கே உள்ள சிறிய நாடு அல்பேனியா. ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கங்களில் மலை. அன்னை தெரசா கூட ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

அல்பேனிய மக்கள் இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் வீரன் ஒருவன் உண்டு. அவன் பெயர் ஸ்கந்தர்பெக்.

பிணையாகப் போன பிள்ளை

அவனுடைய இயற்பெயர் ஜெர்ஜ் கஸ்திரியோத்தி. 1405-ம் ஆண்டு வாக்கில் பிறந்தான். தகப்பனார் ஜோன், மலைநாட்டுச் சிற்றரசர்.

அப்போது துருக்கி சுல்தானின் கை ஓங்கியிருந்தது. எதிர்க்க முடியாத சிற்றரசர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினார்கள். ஜோனும் தம் மகனை அனுப்பினார்.

அரண்மனையில் அவன் இஸ்லாம் மதத்தைத் தழுவினான். போர்க் கலைகளைக் கற்றுத் தேர்ந்தான். அவனுக்கு இஸ்கந்தர் என்று பெயர் சூட்டினார்கள். அலெக்சாந்தர் என்பதுதான் அதன் பொருள். பிரபுக்களுக்குரிய “பே” என்ற பட்டமும் கிடைத்தது. இரண்டும் சேர்ந்து ஸ்கந்தர்பெக் ஆயிற்று.

பதவி இருந்தது, சுகம் இருந்தது. ஆனாலும் சொந்த ஊரை அவன் மறக்கவில்லை.

பறந்தது கொடி

1443-ம் ஆண்டு நவம்பர் மாதம். நிஷ் என்ற இடத்தில் ஹங்கேரியப் படையோடு போர். சுல்தான் படை சிதறியது. அந்தக் குழப்பத்தில் 300 அல்பேனியரோடு ஸ்கந்தர்பெக் தாயகம் திரும்பினான்.

சுல்தான் எழுதியது போன்ற ஒரு பொய்க் கடிதத்தைக் காட்டி, க்ரூயா கோட்டையைக் கைப்பற்றினான். தன் முன்னோரின் கிறிஸ்தவ மதத்துக்குத் திரும்பினான். நவம்பர் 28-ந் தேதி, இரட்டைத் தலைக் கழுகு பொறித்த சிவப்புக் கொடியைக் கோட்டையில் ஏற்றினான் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

1444 மார்ச் மாதம் லெஷா நகரில் சிற்றரசர்களைக் கூட்டினான். ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டு வந்தவர்கள், அவன் தலைமையில் ஒன்றுசேர்ந்தார்கள்.

விழாத கோட்டை

1450-ல் சுல்தான் இரண்டாம் முராத் பெரும் படையோடு வந்து க்ரூயாவை வளைத்தான். ஸ்கந்தர்பெக் கோட்டைக்குள் அடைந்து கிடக்கவில்லை. உள்ளே காவல் படையை நிறுத்திவிட்டு, தான் மலைகளில் மறைந்திருந்தான். திடீர் திடீரென்று பாய்ந்து தாக்கினான்.

மாதங்கள் ஓடின. கோட்டை விழவில்லை. சுல்தான் திரும்பிப் போனான்.

வீட்டுக்குள் பகை

பகைவரை வென்றவனுக்குச் சொந்த வீட்டில் அடி விழுந்தது. அண்ணன் மகன் ஹம்சா, 1457-ல் சுல்தான் பக்கம் சேர்ந்து, சிற்றப்பன்மீதே படையெடுத்து வந்தான்.

ஸ்கந்தர்பெக் படையைச் சிறு சிறு பிரிவாகப் பிரித்து மலைகளில் ஒளித்து வைத்தான். அவன் ஒழிந்தான் என்று எதிரிகள் எண்ணினார்கள். அவர்கள் அயர்ந்திருந்த வேளையில், அல்புலேனா என்ற இடத்தில் பாய்ந்தான். மாபெரும் வெற்றி! ஹம்சா பிடிபட்டான். அவனைக் கொல்லவில்லை, இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸுக்குக் கைதியாக அனுப்பிவைத்தான்.

பிறகு, கான்ஸ்டான்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முகமதுவே நேரில் வந்தான். அவனாலும் க்ரூயாவைப் பிடிக்க முடியவில்லை.

மறைவுக்குப் பின்

25 ஆண்டுகள் வாளைக் கீழே வைக்காத அந்த வீரனைக் காய்ச்சல் வென்றது. 1468 ஜனவரி 17-ந் தேதி, லெஷாவில் கண்ணை மூடினான்.

மனைவி தோனிக்கா மகனோடு நேப்பிள்ஸ் போய்ச் சேர்ந்தாள். 1478-ல் க்ரூயா விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து தென் இத்தாலியில் குடியேறினார்கள். 500 ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர்களுடைய சந்ததியார் வாழும் பல ஊர்களில் பழைய அல்பேனிய மொழி இன்றும் பேசப்படுகிறது.

1912-ல் அல்பேனியா சுதந்திரம் பெற்றது. வ்லோரா நகரில் கொடி ஏற்றிய நாளும் நவம்பர் 28-தான்! கொடியில் அதே இரட்டைத் தலைக் கழுகு.

அல்பேனியரில் முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. ஸ்கந்தர்பெக் எல்லோருக்கும் பொதுவான வீரன். தலைநகர் திரானாவின் நடுவே, குதிரைமீது கம்பீரமாக வீற்றிருக்கிறது அவன் சிலை.