வால்டன் குளக்கரைக் குடில்

ஹென்றி டேவிட் தோரோ என்றதும் வரி கொடுக்க மறுத்துச் சிறை புகுந்தவர் என்பதே நம்மவர் நினைவுக்கு வரும். அவர் தம் கையால் கட்டிய குடிலை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. குடில் இன்றேல் அந்தத் துணிவும் இல்லை என்பது நமது கருத்து.

அமெரிக்காவில் கன்கார்டு என்னும் சிற்றூரில் 1817-ல் பிறந்த தோரோ, ஹார்வர்டில் கற்றவர். 1845 மார்ச்சு இறுதியில் இரவல் கோடரியுடன் வால்டன் குளக்கரைக் காட்டிற்குச் சென்றார். நிலம் நண்பர் எமர்ஸனுடையது. பைன் மரங்களை வெட்டிச் சட்டங்கள் செதுக்கினார். ரயில் பாதைத் தொழிலாளி ஒருவரின் பழங்குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்து, அதன் பலகைகளைப் புல்மீது பரப்பி வெயிலில் காய வைத்தார். செங்கல்லும் பழையதே. அகலம் 10 அடி, நீளம் 15 அடி. செலவு 28 டாலர் 12½ சென்ட். ஜூலை 4-ந் தேதி, அந்நாட்டின் சுதந்திரத் திருநாளன்று, குடி புகுந்தார். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரை பயிரிட்டார்.

தாயார் வீடு நடை தூரத்தில்தானே இருந்தது என்று நகைப்போர் உண்டு. இருக்கட்டுமே, அவர் துறவு பூண்டவரல்லர், ஒருவன் வாழ எவ்வளவு போதும் என்று கணக்குப் பார்த்தவர்.

1846 ஜூலையில், அடிமை முறையைக் காக்கும் ஸர்க்காருக்குத் தலைவரி செலுத்த மறுத்தமைக்காக ஓரிரவு சிறையில் வைக்கப்பட்டார். உடைமை மிகுந்தவன் அஞ்சுவான்; இவரிடம் பறிக்க என்ன இருந்தது? அதனின்று பிறந்த கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் படித்தார்.

1847 செப்டம்பரில் குடிலை விட்டு நீங்கிய தோரோ, 1862-ல் க்ஷயரோகத்தால் 44-வது வயதில் காலமானார். குடில் கைமாறிக் களஞ்சியமாகிப் பின் சிதைந்தது. அதன் புகைபோக்கியின் அஸ்திவாரக் கற்கள் 1945-ல் மண்ணடியில் கண்டெடுக்கப்பட்டன.