சிறையே அவர் பெற்ற பரிசு!

ராஜாஜி சாலையில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்குச் 'சிங்காரவேலர் மாளிகை' என்று பெயர். சான்றிதழுக்கும் மனுவுக்கும் அங்கே கால்கடுக்க நிற்கும் ராயபுரத்துத் தோழர்களே, திருவொற்றியூர்த் தோழர்களே, அந்தச் சிங்காரவேலர் யார்?

நம்மவர்தான்! 1860-இல் சென்னை மீனவர் குடியிலே பிறந்தவர். வழக்கறிஞராகிப் பொருளும் புகழும் ஈட்டியவர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது வழக்கறிஞர் அங்கியை உதறி எறிந்தார். அதற்குப் பின் அவருடைய நீதிமன்றம் கடற்கரை மணல்தான்.

1923 மே முதல் நாள், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் தொழிலாளரைத் திரட்டினார். இந்திய மண்ணில் மே தினம் கொண்டாடப்பட்டது அன்றுதான் முதன்முறை! பம்பாய் அல்ல, கல்கத்தா அல்ல, நம் சென்னை! 1925-இல் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கும் அவரே தலைவர்.

1928-இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துணைநின்ற கிழவருக்கு வயது 68. வெள்ளை அரசு அளித்த பரிசு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை! 1930-இல் வெளியே வந்தவர் ஓய்ந்தாரா? 'குடி அரசு' ஏட்டிலே பகுத்தறிவும் விஞ்ஞானமும் எழுதிக் குவித்தார்.

இன்று தமிழ்நாடு அரசு 'தகைசால் தமிழர்' விருது வழங்குகிறது. 2021-இல் முதல் விருது சங்கரய்யாவுக்கு. மறு ஆண்டு நல்லகண்ணுவுக்கு. இருவரும் சிறை கண்டவர்கள், இருவரும் சிங்காரவேலர் வழி வந்தவர்கள். விருது விடுதலை நாளிலே தரப்படுகிறது. சிங்காரவேலரோ அந்த விடுதலையையே காணாமல் 1946 பிப்ரவரி 11-இல் கண்மூடினார்.