நோயிலே கண்ட சுகம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்து விடியற்காலையிலே, கிணற்றடியிற் பாசி வழுக்கி விழுந்தேன். தொடையெலும்பு முறிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று தமிழ் கற்பித்த நான், அதன்பின் ஏழு மாதங்கள் கூரை வளைகளை எண்ணியபடி கட்டிலிற் கிடந்தேன். பார்க்க வந்தவர் பலர். எல்லோரும் நல்லவர்கள், நல்ல சொற்களையே சொன்னார்கள். ஆயினும், நடந்து வந்து நடந்து செல்பவர் கூறும் ஆறுதல், கிடப்பவனின் நெஞ்சிலே ஒட்டவில்லை. முகத்திற் புன்னகையும் உள்ளே கசப்புமாக நாட்களைக் கழித்தேன்.

அந்நாளில், என்னிடம் முன்னர் படித்த கிறிஸ்தவ மாணவர் ஒருவர் ஒரு நூலைத் தலைமாட்டில் வைத்துச் சென்றார். அது ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1933இல் வெளியிட்ட நூல். முட்செடியிற் பூத்த ரோசா என அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். சைவ மரபிலே, நாவலர் பெருமானின் நூல்களைக் கற்று வளர்ந்த எனக்கு மிஷனரிமாரின் எழுத்திலே பற்று இருந்ததில்லை. வேறு வேலை இல்லாமையாற் படிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கங்களுக்குள் நிமிர்ந்து உட்கார முயன்றேன். நோயாளருக்கென எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் சுகதேகிகளால் எழுதப்படுவதாலே அவை நோயாளருக்கு உணவாவதில்லை என்ற கருத்தை அம்மையார் அங்கே கூறியிருந்தார். என் மனத்திற் கிடந்ததை யாரோ எடுத்துச் சொன்னது போலிருந்தது. அதன்பின் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

வட அயர்லாந்தின் கடற்கரைக் கிராமமாகிய மில்லைலிலே, மாவாலை உடைமையாளர் ஒருவரின் மூத்த மகளாக, 1867 டிசெம்பர் 16ஆந் திகதி அவர் பிறந்தார். சிறு பருவத்திலே தம் கபிலநிறக் கண்கள் நீலமாகவேண்டும் என்று இரவிலே செபித்து, காலையிற் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்தார் என்பர். கேட்டது கிடையாமையும் ஒருவகை விடையே என்பதை அவர் முதன்முதல் உணர்ந்தது அன்றுதான். 1885இலே தந்தையார் காலமானார். பின்னர் பெல்பாஸ்ட் நகர ஆலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்களுக்காக உழைத்து, 1889இல் அவர்களுக்கென மண்டபம் ஒன்றை எழுப்பினார்.

நரம்புவலி இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. சீனாவுக்குச் செல்ல விண்ணப்பித்தபோது உடல்நிலையைக் காரணங்காட்டி மறுத்துவிட்டனர். 1893இல் யப்பானுக்குச் சென்றார். பதினைந்து மாதங்களுக்குள் நோய் அங்கிருந்தும் அவரைக் கிளப்பியது. 1894இலே நமது இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கிப் பணிசெய்தார் என்பதை இங்கே பலர் அறியார். பின் தாயகம் திரும்பினார். மீண்டும் 1895இல் இந்தியாவுக்குப் புறப்பட்டவர், அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருமுறையேனும் ஊர் திரும்பவில்லை. எந்த நாட்டிற்கும் பொருந்தாத உடல் என்று கருதப்பட்ட அவ்வுடல் தமிழ்நாட்டின் வெயிலிலே எண்பத்து மூன்று வயதுவரை நிலைத்தது.

தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையிலே, தோமஸ் வாக்கர் என்னும் பாதிரியாரிடம் அவர் தமிழ் பயின்றார். சேலை உடுத்து, மாட்டுவண்டியிலே தமிழ்ப்பெண்கள் சிலருடன் ஊரூராகச் சென்றார். 1901 மார்ச் மாதத்திலே, கோயிற் பணிக்கென விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்னர் தப்ப முயன்றதற்குத் தண்டனையாக அவள் கைகளிலே சூடு வைத்திருந்தனர். அன்றுதொட்டு அம்மையார் வழி மாறிற்று. டோனாவூர் என்னும் சிற்றூரிலே, அத்தகைய விதிக்கு ஆளாக இருந்த பெண்குழந்தைகளுக்கும், 1918 முதல் ஆண்குழந்தைகளுக்கும் வீடு அமைத்துத் தாயாக வாழ்ந்தார். சென்னை மாகாணத்திலே குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடைசெய்தது 1947இலேதான்.

அவருடைய தொடக்ககால நூல்களிலே எங்கள் சமயத்தைப் பற்றி எழுதிய பகுதிகள் சில என்னை வருத்தின. ஒரு பெருஞ் சமயத்தை அதன் காயங்களை மட்டும் பார்த்து அளந்துவிட்டாரே என்று எண்ணினேன். இன்றும் அவ்வெண்ணம் மாறவில்லை. ஆனால் அக்காயங்கள் பொய்யல்ல. அவற்றைக் கண்டும் காணாதிருந்தோர் பலருள், குழந்தையைத் தூக்கிக்கொண்டவர் அவர்.

இனி நோய்க்கு வருவோம். அவர் தோழியருள் முதன்மையானவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண்மணி. அவரைப் புற்றுநோய் பற்றியபோது எல்லோரும் கூடிச் செபித்தனர்; சத்திரசிகிச்சையும் நடந்தது. 1915இலே பொன்னம்மாள் இறந்தார். கிறிஸ்துநாதர் முடவரை நடக்கச் செய்தார், குருடருக்குப் பார்வை அளித்தார் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. அவ்வாறிருக்க, இங்கே ஏன் சுகம் அருளப்படவில்லை? இக்கேள்வி அம்மையாரை எளிதில் விடவில்லை. பிற்காலத்தில் டோனாவூரிலே எழுந்த வைத்தியசாலைக்குப் பரம சுகசாலை என்று பெயரிட்டனர். அப்பெயரின் முழுப்பொருளையும் அவர் தம் உடலிலேயே கற்க வேண்டியிருந்தது.

1931 செப்டெம்பர் 24ஆந் திகதி காலை, தம்மைக்கொண்டு இறைவன் எதைச் செய்யினும் சம்மதம் என்று அவர் வேண்டிக்கொண்டார். அன்று மாலை, களக்காட்டிலே மருந்தகத்துக்கென எடுத்த வீடொன்றைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய ஒளியிலே, புதிதாக வெட்டியிருந்த குழியொன்றினுள் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்காலும் பிசகிற்று. சில வாரங்களில் நடப்பார் என்று யாவரும் நம்பினர். ஆனால் நோயின்மேல் நோய் வந்தது. அவருடைய எஞ்சிய வாழ்நாள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. 1948இலே அவ்வறையிலும் ஒருமுறை விழுந்தார். அதன்பின் கட்டிலைவிட்டு எழுந்ததே அரிது.

இங்கேதான் என் கேள்வி நின்றது. நான் அறிந்த அடியார் வரலாறுகளிலே நோய் தீர்ந்துவிடும். திருவதிகையிலே அப்பரடிகளின் சூலை நீங்கிற்று. சுந்தரர் இழந்த கண்களை மீளப் பெற்றார். நோய் நீங்குவதே அருளின் அடையாளம் என்று கருதியிருந்தேன். என் கால் நேராகாமையால் அருள் என்னைக் கைவிட்டது என்றும் உள்ளூரக் கணக்கிட்டிருந்தேன். அம்மையாரோ வேறொரு சான்றினைப் பற்றிக்கொண்டார். பவுலடிகள் தம் உடலிலிருந்த முள்ளை நீக்குமாறு மூன்றுமுறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் வலிமை கிடைத்தது. வேண்டுதலுக்கு விடையாக வரும் அமைதி, வேண்டிய பொருளிலும் குறைந்ததன்று என்பதே அம்மையார் கண்ட சுகம்.

இதனை அவர் எளிதிற் சொல்லிவிடவில்லை. வலியை இனிது என்று அவர் எழுதியதில்லை. உறக்கமற்ற இரவுகளின் நீளத்தை மறைத்ததும் இல்லை. தாம் கிடந்த அறையிலிருந்தே நோயாளருக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றிலிருந்து திரண்டதே என் தலைமாட்டிலிருந்த நூல். அவர் எழுதிய முப்பத்தைந்து நூல்களிலே பத்துக்கு மேற்பட்டவை அக்கட்டிலிலே பிறந்தவை. குழந்தைகள் அறைக்கு வந்துபோயினர். இல்லத்தின் பொறுப்பை அடுத்த தலைமுறையினர் ஏற்றனர். ஓடியாடிய காலத்திலே அவர் அடைந்தவர்கள் அச்சீமையார். ஓரிடத்திற் கிடந்த காலத்திலேயோ, கடல் கடந்த நோயாளர் கட்டில்களையும் அவர் சென்றடைந்தார்.

1951 ஜனவரி 18ஆந் திகதி அவர் மறைந்தார். தம் கல்லறைமேற் கல் நாட்டக்கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தார். பறவைகள் நீர் அருந்துதற்கான தொட்டி ஒன்றையே அங்கே வைத்தனர். தாய் என்னும் பொருள்தரும் ஒரே சொல் அதிலே பொறிக்கப்பட்டது.

நான் இப்போது கைத்தடியூன்றி நடக்கின்றேன். இடக்கால் சற்றுக் கட்டையாகிவிட்டது. இனி நேராகாது என்று வைத்தியர் கூறிவிட்டார். என் சமயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. காலையிலே தேவாரமே பாடுகின்றேன். ஆனால் பாடும்போது, கால் நேராகட்டும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். எங்கள் ஒழுங்கையிலே பாரிசவாதத்தாற் கிடக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அவரிடம் சென்று பத்திரிகை வாசித்துக் காட்டுகின்றேன். முதல்நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைத்தடியைப் பார்த்தார். பின்னர்தான் பேசத் தொடங்கினார்.